ராக்காவல் உத்தியோகம்

"உனக்கு என்ன உத்தியோகம், அம்மா?" என்று யாராவது விசாரித்தால் எனக்கு உள்ளூர ஒரு நடுக்கம் உண்டாகும். டாக்டர் என்றால் டாக்டர், வாத்தியார் என்றால் வாத்தியார். ஒரே வார்த்தையில் சமாசாரம் முடிந்துவிடுகிறது. என்னுடைய உத்தியோகத்துக்கு 'இணையப் பாதுகாப்பு' என்று பெயர். கல்யாணப் பந்தியில் இதைச் சொல்லிவிட்டேனோ, பக்கத்து இலைக்காரர் தம்முடைய செல்போனை எடுத்து நீட்டி, "இதில் பாட்டுக் கேட்கவில்லை, கொஞ்சம் பார்த்துக் கொடேன்" என்கிறார். எதிர் இலைக்காரர், "போலீஸ் இலாகாவா?" என்று கேட்டுவிட்டு, பாயசத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்கிறார்.

இந்தச் சங்கடத்திலிருந்து என்னை விடுவித்தவள் என் தாயார். அவள் எழுதப் படிக்கத் தெரியாதவள். ஒரு நாள் வாசலில் நின்று கேட்ட உறவினரிடம் அவள் சொன்னாள்: "கம்ப்யூட்டருக்கு ராக்காவல். எல்லாம் அவள் தாத்தா பார்த்த வேலைதான்."

இதைவிடச் சரியான வியாக்கியானத்தை நான் எந்தப் புஸ்தகத்திலும் படித்ததில்லை.

என் தாத்தா, ஓசூருக்கும் சூளகிரிக்கும் நடுவே உள்ள ஒரு சிற்றூரில் தோட்டியாக இருந்தவர். கையில் தடி, இன்னொரு கையில் லாந்தர். இரவு முழுவதும் தெருத் தெருவாகச் சுற்ற வேண்டும். களத்தில் நெல் கிடந்தால் பக்கத்தில் படுக்க வேண்டும். அந்நியன் எவனாவது ஊருக்குள் வந்தால் முதலில் அவனைக் கண்டுகொள்ள வேண்டியவர் அவரே. வரிப்பணம் தாலூகா கச்சேரிக்குப் போகும்போது மூட்டையோடு கூட நடக்க வேண்டியவரும் அவரே. ஊரார் தங்கள் தூக்கம் முழுவதையும் அவரிடம் ஒப்படைத்திருந்தார்கள். மணியகாரர் வீட்டுத் திண்ணையை மட்டும் ஒப்படைக்கவில்லை. அதில் அவர் உட்காரக் கூடாது. 1980-ல் அரசாங்கம் பரம்பரை மணியம், கர்ணம் பதவிகளை ஒழித்தபோது அவர், "ஆட்கள் போனார்கள், திண்ணை அங்கேயே இருக்கிறது" என்று சொன்னதாக எங்கள் வீட்டில் இன்றும் சொல்வார்கள்.

இப்போது என்னுடைய காவலைச் சொல்கிறேன். பெங்களூர் எலக்ட்ரானிக் ஸிட்டியில் ஒரு பெரிய அறை. சுவர் முழுவதும் திரைகள். ஓசூர், கிருஷ்ணகிரி, பொம்மசந்திரம் என்று பல இடங்களிலும் உள்ள தொழிற்சாலைகளின் கம்ப்யூட்டர்களுக்குள் யார் நுழைந்தார்கள், எந்தக் கதவைத் தட்டினார்கள், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அந்தத் திரைகளில் வரி வரியாக ஓடிக்கொண்டிருக்கும். ஆயிரம் வரிகளில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது வரிகள் சாதாரண வரிகள். மிச்சம் இருக்கிற ஒன்றைக் கண்டுபிடிப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

அந்த ஒரு வரி தப்பிவிட்டால் என்ன ஆகும் என்று நேயர்கள் கேட்கலாம். 2017 மே மாதத்தில் 'வான்னாக்ரை' என்ற ஒரு விஷப் பூச்சி சுமார் 150 தேசங்களில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. சென்னைக்கு அருகே ஒரகடத்தில் உள்ள ரெனோ-நிஸ்ஸான் மோட்டார் தொழிற்சாலையையும் அது விட்டு வைக்கவில்லை. இத்தனைக்கும் அந்த ஓட்டையை அடைக்கும் மருந்தை மைக்ரோஸாப்ட் கம்பெனி இரண்டு மாதத்துக்கு முன்பே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது! 2022 நவம்பரில் டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரிக்கு இதே கதி நேர்ந்தது. ஏறக்குறைய இரண்டு வாரம், நாட்டின் தலைசிறந்த ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுவதிலிருந்து எல்லாம் கையால் நடந்தது.

பெரிய இடங்களின் கதை இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பணம் இப்படிப் போய்விட்டால், அழுவதற்கு முன்னால் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு. 'டிஜிட்டல் கைது' என்று வீடியோவில் உடுப்புப் போட்டுக்கொண்டு யாராவது மிரட்டினால், அப்படி ஒரு கைது நம் தேசத்துச் சட்டத்தில் கிடையாது என்பதையும் பாட்டிமாருக்குச் சொல்லி வையுங்கள்.

நாங்கள் எல்லைக்காரர்கள். கிருஷ்ணகிரி 2004-ல்தான் தர்மபுரியிலிருந்து பிரிந்து தனி ஜில்லா ஆயிற்று. அதற்கு வெகு காலத்துக்கு முன்பிருந்தே இந்தப் பிரதேசம் பாஷைகளின் சந்தைதான். என் தாயார் வீட்டில் பேசுவது தெலுங்கு. சண்டை போடுவது கன்னடத்தில். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது தமிழ். இதனால் எங்களுக்கு எங்கே போனாலும் ஊர் உண்டு என்று நீங்கள் நினைத்தால் அது தப்பு. பெங்களூரில் நான் வாயைத் திறந்தால் "தமிழா?" என்கிறார்கள். ஒரு பயிற்சிக்காகச் சென்னைக்குப் போயிருந்தபோது, "தெலுங்கு வாடை அடிக்கிறதே!" என்றார்கள். இரண்டு இடத்திலும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

சிரிக்க முடியாத ஒரு சந்தர்ப்பமும் வந்தது. 2016 செப்டம்பரில் காவேரித் தகராறு முற்றி, பெங்களூரில் பஸ்கள் எரிந்தன. இரு மாகாணத்துப் பஸ்களும் எல்லையில் நின்றுவிட்டன. ஜனங்கள் அத்திப்பள்ளியில் இறங்கி ஜூஜூவாடி வரையில் நடந்தார்கள். கழுத்தில் தொங்கும் ஆபீஸ் அட்டையில் பெயர் இருக்கிறது. அதைத் தொங்கவிடுவதா, பைக்குள் போடுவதா என்று யோசித்துக்கொண்டே நானும் நடந்தேன். கடைசியில் பைக்குள் போட்டேன். எதிரே, ஓசூர்த் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் கன்னடக்காரர்கள் தங்கள் ஊரைப் பார்க்க நடந்து வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் கழுத்திலும் அட்டை இல்லை.

எங்கள் அறையில் நான் சேர்ந்தபோது இருபது பேர். பெண்கள் இருவர். உலகம் முழுவதுமே இந்தத் தொழிலில் பெண்கள் நாலில் ஒரு பங்குக்கு மேல் இல்லை என்கிறார்கள். எங்கள் அறை அதிலும் பின்தங்கியிருந்தது. என்னை வேலைக்குத் தேர்ந்தெடுத்த அன்று முதல் முக்கால் மணி நேரம் தொழில் சம்பந்தமான கேள்விகள். கடைசி கால் மணி நேரம், தகப்பனாருடைய முழுப் பெயர் என்ன, ஊரில் எந்தத் தெரு, ஆகாரத்தில் என்ன பழக்கம் என்று வெகு நயமாகக் கேட்டார்கள். 'குழுவுக்குப் பொருந்துவாளா' என்று பார்க்கிறார்களாம்! பொருத்தம் பார்க்கிற இடத்தில் ஜாதகத்தை மட்டும் ஏன் விட்டுவிட்டார்கள் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இது ஏதோ எங்கள் பக்கத்துச் சின்னத்தனம் என்று தள்ளிவிடவும் முடியாது. 2020 ஜூனில் கலிபோர்னியா மாகாண அரசாங்கத்தின் இலாகா ஒன்று சிஸ்கோ என்ற பெரிய கம்பெனியின் மீது வழக்குப் போட்டது. கடல் கடந்து போன ஒரு இந்திய எஞ்சினீயரை, மேலதிகாரிகளான வேறு இரண்டு இந்தியர்கள் ஜாதி காரணமாக ஒதுக்கினார்கள் என்பது புகார். கம்பெனி மறுத்தது, 2023-ல் அந்த இரண்டு அதிகாரிகள் மீதான வழக்கை இலாகா கைவிட்டுவிட்டது. அந்த வழக்கின் நியாயத்தைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. கப்பலேறியும் திண்ணை கூட வருகிறது என்ற சந்தேகத்துக்கே கோர்ட்டில் இடம் கிடைத்துவிட்டது பாருங்கள், அதைத்தான் சொல்கிறேன்.

திண்ணை என்றவுடன் பணமும் ஞாபகம் வருகிறது. எங்கள் தொழிலில் மேலே போக வேண்டுமானால் சில பரீட்சைகள் எழுத வேண்டும். அவற்றுள் பேர் பெற்றது ஸி.ஐ.எஸ்.எஸ்.பி. என்பது. அதற்குக் கட்டணம் 749 டாலர். நம் பணத்தில் அறுபதாயிரத்துக்கு மேல். ஐந்து வருஷ அநுபவமும் வேண்டும். தகப்பனார் பெங்களூரில் அதிகாரியாக இருந்தால், "எழுது, போனால் போகிறது" என்பார். என் தகப்பனார் தக்காளி மூட்டை ஏற்றியவர். நான் அந்தத் தொகையைச் சேர்ப்பதற்குள் என்னோடு சேர்ந்த மூன்று பேர் இரண்டு படி மேலே போய்விட்டார்கள். அவர்கள் கெட்டிக்காரர்கள் அல்ல என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கெட்டிக்காரத்தனத்துக்கும் கட்டணம் உண்டு என்பது உண்மை.

ஓசூரில் தொழிற்சாலைக்குப் பெண்கள் போவது புதுமை அல்ல. டாட்டா நிறுவனமும் தமிழ்நாட்டு அரசாங்கத்தின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன் கம்பெனி இங்கேதான் கடிகாரம் செய்ய ஆரம்பித்தது. பள்ளிப் படிப்பு முடித்த சுற்று வட்டாரத்து இளம் பிள்ளைகளை எடுத்துப் பழக்கினார்கள். கழனியில் வளர்ந்த விரல்கள் ஊசி முனை போன்ற சக்கரங்களைக் கோத்தன. 2000-ஆம் ஆண்டில் சென்னை ஹைகோர்ட், தொழிற்சாலைகளில் பெண்கள் இரவு வேலை செய்யக் கூடாது என்ற 1948-ஆம் வருஷத்துச் சட்டப் பிரிவைச் செல்லாது என்றது. போச்சம்பள்ளிப் பக்கத்தில் எழும்பிய ஓலா ஸ்கூட்டர் தொழிற்சாலையைப் பெண்களே நடத்துவார்கள், பதினாயிரம் பேர் வரையில் வேலைக்கு எடுப்போம் என்று அதன் அதிபர் 2021-ல் அறிவித்தார். திம்ஜேப்பள்ளியில் ஐபோன் பாகங்கள் செய்யும் டாட்டா எலக்ட்ரானிக்ஸில் பெண்களே பெரும்பாலோர். ஜார்க்கண்டிலிருந்து கூட வந்து விடுதிகளில் தங்கியிருக்கிறார்கள்.

யந்திரத்தண்டை இத்தனை பெண்கள் இருக்கிறார்கள். யந்திரத்தின் சாவிக் கொத்து இருக்கிற அறையிலே இருவர்! இந்தக் கணக்கு எனக்கு வெகு நாளாக இடித்துக்கொண்டிருந்தது. அது வெறும் நியாயத்தைப் பற்றிய இடி மட்டும் அல்ல, காவலிலேயே அது ஒரு ஓட்டை என்பதை 2023-ஆம் வருஷத்தில் ஒரு ராத்திரி எனக்குக் காட்டிக் கொடுத்தது.

மணி பத்தரை இருக்கும். நாங்கள் காவல் காக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண், தன் போனுக்கு வந்த ஒரு தகவலைச் சந்தேகப்பட்டு எங்களுக்கு அனுப்பியிருந்தாள். தமிழில் இருந்தது. தரம் பிரிக்கும் யந்திரத்துக்கு அந்தப் பாஷையில் பயிற்சி போதாது. ஆகையால் அதை எல்லாவற்றுக்கும் அடியில் போட்டுவிட்டது. நான் தற்செயலாக எடுத்துப் பார்த்தேன். 'தங்கள் ஊதியக் கட்டணச் சீட்டு தயாராக உள்ளது. கீழ்க்கண்ட இணைப்பில் பணியாளர் எண்ணையும் கடவுச்சொல்லையும் இடுக' என்று எழுதியிருந்தது.

ஊதியக் கட்டணச் சீட்டு! ஓசூரில் ஈ, எறும்பு கூட அப்படிச் சொல்லாது. எல்லாருக்கும் அது 'பே ஸ்லிப்'தான். எங்கோ ஒருவன் இங்கிலீஷில் எழுதி, யந்திரத்தைக் கொண்டு மொழிபெயர்த்து அனுப்பியிருக்கிறான் என்பது எனக்கு ஒரு கணத்தில் தெரிந்துவிட்டது. தொழிற்சாலையின் பதிவேட்டைத் திறந்தேன். வழக்கம் இல்லாத ஒரு தேசத்திலிருந்து வரிசையாகப் பெண்களின் பெயரில் யாரோ உள்ளே நுழைந்துகொண்டிருந்தார்கள்.

மேலதிகாரிக்குப் போன் செய்தேன். அவர் வடக்கத்தியார், கெட்டவர் அல்ல, தூக்கக் கலக்கத்தில் இருந்தார். "ஏதோ உள்ளூர்ப் பாஷைக் குப்பை, காலையில் பார்க்கலாம்" என்றார். காலை வரையில் காத்திருக்க எனக்குத் தைரியம் வரவில்லை. விடுதிக் காப்பாளரை எழுப்பினேன். அந்த அம்மாள் பாகலூர்ப் பக்கத்தவர். இங்கிலீஷில் ஆரம்பித்தால் பயந்துவிடுவார் என்று, எங்கள் வீட்டுத் தெலுங்கிலேயே, "அக்கா, விளக்கைப் போட்டுப் பெண்களை எழுப்புங்கள், ஒருவரையும் திட்டாதீர்கள்" என்றேன். திட்டாதீர்கள் என்பதுதான் முக்கியம். திட்டுவார்கள் என்று தெரிந்தால் ஒருத்தியும் உண்மையைச் சொல்ல மாட்டாள். முப்பத்தோரு பெண்கள் கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தார்கள். அவர்களில் நால்வர் லைன் லீடர்கள். அவர்களுடைய சாவி யந்திர ஓட்டத்தையே நிறுத்த வல்லது. ஒன்றரை மணிக்குள் முப்பத்தொன்றையும் மாற்றிப் பூட்டினோம். இப்படி ஏதாவது நேர்ந்தால் ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசாங்கத்தின் செர்ட்-இன் என்ற நிலையத்துக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் ஓர் உத்தரவு பிறந்திருக்கிறது. நாலு மணிக்கு அதையும் எழுதி அனுப்பினோம்.

ஒரு வாரம் கழித்து அறிக்கை வந்தது. ஆராய்ச்சி செய்தவர்கள் என்று மூன்று பெயர்கள். என் பெயர் கடைசிப் பக்கத்தில், 'உள்ளூர் மொழி உதவி' என்ற தலைப்பின் கீழே இருந்தது.

அன்று நான் வீட்டுக்கு வந்து, வெகு காலத்துக்கு முன் படித்த ஒரு விஷயத்தை மறுபடியும் எடுத்துப் படித்தேன். இரண்டாவது உலக யுத்தத்தில் ஜெர்மானியரின் ரகசியச் சங்கேதங்களை உடைப்பதற்கு இங்கிலாந்தில் பிளெச்லி பார்க் என்ற இடத்தில் ஆயிரக் கணக்கானவர்கள் வேலை செய்தார்கள். அவர்களில் முக்கால் பங்கு பெண்கள். 1940-ல் அங்கே வந்து சேர்ந்த ஜோன் கிளார்க், எனிக்மா யந்திரத்தோடு மல்லுக்கட்டிய கணித நிபுணி. அவருக்குச் சம்பளம் உயர்த்த விரும்பினார்கள். ஆனால் அந்தப் பதவியில் பெண்ணுக்கு ஒரு படியே சர்க்கார் ஏட்டில் இல்லை. ஆகையால் 'பாஷை நிபுணர்' என்று போட்டு உயர்த்தினார்கள். அந்த அம்மாளுக்கு வேறு பாஷை ஒன்றும் தெரியாது. பாரம் பூர்த்தி செய்யும்போது, 'பதவி: பாஷை நிபுணர், தெரிந்த பாஷைகள்: ஒன்றும் இல்லை' என்று எழுதுவதில் அவருக்கு வெகு குஷியாம்!

பாஷை தெரியாதவருக்குப் பாஷை நிபுணர் பட்டம் கொடுத்துச் சம்பளத்தை உயர்த்தினார்கள். எனக்கு நாலு பாஷை தெரியும்; அதே பட்டத்தைக் கொடுத்துத் தாழ்த்தினார்கள். எண்பது வருஷத்தில் உலகம் இத்தனை தூரம் முன்னேறியிருக்கிறது.

மறுநாள் மேலதிகாரியின் அறைக்குப் போனேன். "ஆராய்ச்சி என்ற தலைப்பில் என் பெயர் வர வேண்டும், ஸார்" என்றேன். "இதுவும் கௌரவம்தானே? உன்னைத் தவிர யாராலும் அதைச் செய்திருக்க முடியாது!" என்றார் அவர். "அதனால்தான் கேட்கிறேன். பதிவேட்டைத் திறந்து பார்த்ததும் நான்தான், அதற்குத் தெலுங்கு தேவைப்படவில்லை" என்றேன். அவர் சற்று நேரம் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வாரம் கழித்துத் திருத்திய அறிக்கை வந்தது. நாலாவது பெயராக என்னைச் சேர்த்திருந்தார்கள். பழைய அறிக்கை அதற்குள் தொழிற்சாலைக்குப் போய்விட்டது. அவர்களுடைய பீரோவில் நான் இன்னும் 'மொழி உதவி'தான்.

ஆனால் ஒரு காரியம் நடந்தது. அதன் பிறகு புதிதாக ஆள் எடுக்கும் குழுவில் என்னையும் உட்கார வைத்தார்கள். கடைசிக் கால் மணி நேரத்துக் கேள்விகளை எடுத்துவிட்டு, பழைய பதிவேடு ஒன்றை நீட்டி, "இதில் எது சரியில்லை?" என்று கேட்கலாம் என்றேன். ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பரீட்சையில் எல்லாரையும் முந்திக்கொண்டு விடை சொன்னவள் பர்கூரிலிருந்து வந்த ஒரு பெண். அவளுடைய இங்கிலீஷ் தட்டுத் தடுமாறிற்று, கண் தடுமாறவில்லை.

அவள் நாலே மாதம் இருந்தாள். கம்பெனி வண்டி அத்திப்பள்ளியோடு நின்றுவிடும். மாகாண எல்லையைத் தாண்டினால் பர்மிட்டுக்குப் பணம் ஆகுமாம். அதனால் வேலை முடிந்த இரவுகளில் இரண்டு மணிக்கு எல்லையில் இறங்கி ஆட்டோவுக்கு நிற்க வேண்டும். நிச்சயதார்த்தம் ஆயிற்று, மாப்பிள்ளை வீட்டார் ராத்திரி வேலை வேண்டாம் என்றார்கள், விட்டுவிட்டாள். மாப்பிள்ளை வீட்டாரை நிந்திப்பது சுலபம். ஆனால் நடுநிசியில் அத்திப்பள்ளியில் நின்று பார்த்தவளாகிய எனக்கு அவர்களை மட்டும் நிந்திக்க மனம் வரவில்லை. வண்டியைப் பற்றி நான் மூன்று மனு எழுதினேன். இப்போது அது ஓசூர் பஸ் நிலையம் வரையில் வருகிறது.

அவளுடைய நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. வருகிற செவ்வாய்க்கிழமை மூன்று பேரைக் கூப்பிட்டிருக்கிறோம். ஒருத்தி அஞ்செட்டியிலிருந்து வருகிறாள். தேன்கனிக்கோட்டையில் பஸ் மாறி, ஓசூரில் இன்னொரு பஸ் ஏறி வர வேண்டும். காலை ஒன்பது மணி என்று போட்டிருந்தார்கள். பதினொன்றரைக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன்.